அதிகாரம் டெல்லியில், சம்பளம் சென்னையில், கட்டணம் நம் வீட்டில்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகிவிட்டால் நம் மஹல்லாக்களில் பேச்சே மாறிவிடும். ஜும்ஆ முடிந்து வெளியே வரும் பெற்றோர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது இரண்டே கேள்விகள்: பிள்ளைக்கு எங்கே இடம் கிடைத்தது? எவ்வளவு கேட்கிறார்கள்? முன்பெல்லாம் இரண்டாவது கேள்வி தனியார் பொறியியல் கல்லூரிகளோடு நின்றுவிடும். இப்போது அரசுப் பல்கலைக்கழகம் என்று சொன்னாலும் அந்தக் கேள்வி வருகிறது. தேர்வுக் கட்டணம், விடுதிக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம் என்று ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகிறது.

தனியார் நிறுவனம் கட்டணத்தை ஏற்றினால் அது வணிகம் என்று சொல்லிவிடலாம். சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவாகி, மக்கள் வரிப்பணத்தில் நடக்க வேண்டிய பல்கலைக்கழகம் ஏன் மாணவரின் பையைப் பார்க்கிறது? விலைவாசி ஏறிவிட்டது என்பது பாதி பதில்தான். மீதிப் பாதி நம் நாட்டின் அரசுக் கட்டமைப்பில் இருக்கிறது.

பல்கலைக்கழகம் எப்படி நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஓர் இடத்தில் இருக்கிறது. அதற்குச் செலவு செய்யும் கடமை வேறோர் இடத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே விழும் பள்ளத்தை மாணவரின் கட்டணம் நிரப்புகிறது. மாநில உரிமை என்பது அரசியல் கட்சிகளின் மேடைப் பேச்சு, நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்கும் குடும்பங்களுக்காகவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

1976இல் நடந்தது என்ன?

1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம், ஏழாவது அட்டவணையில் அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பிரித்தது. ஒன்றியப் பட்டியலில் உள்ளவற்றுக்கு நாடாளுமன்றம், மாநிலப் பட்டியலில் உள்ளவற்றுக்குச் சட்டமன்றம், பொதுப் பட்டியலில் உள்ளவற்றுக்கு இரண்டுமே சட்டம் இயற்றலாம். பொதுப் பட்டியலில் இரண்டு சட்டங்களும் மோதினால் பொதுவாக நாடாளுமன்றச் சட்டமே மேலோங்கும்.

தொடக்கத்தில் கல்வி, பல்கலைக்கழகங்கள் உட்பட, மாநிலப் பட்டியலில் 11ஆவது இனமாக இருந்தது. அலிகர், பனாரஸ், டெல்லி போன்ற பல்கலைக்கழகங்களும், உயர்கல்வியின் தரத்தை ஒருங்கிணைத்து நிர்ணயிக்கும் அதிகாரமும் மட்டும் ஒன்றியத்திடம் இருந்தன. அந்தத் தர அதிகாரத்தின் அடிப்படையில்தான் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, சட்டப்பூர்வ அமைப்பானது.

நெருக்கடி நிலைக் காலத்தில் 1976இல் 42ஆவது அரசமைப்புத் திருத்தம் நிறைவேறியது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்த நேரம் அது. அந்தத் திருத்தத்தின் வழியே கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. நெருக்கடி நிலை முடிந்த பிறகு 44ஆவது திருத்தம் பல தவறுகளைச் சரிசெய்தது. கல்வி மட்டும் மாநிலத்துக்குத் திரும்பவில்லை. நெருக்கடி நிலையைக் கண்டித்தவர்கள் பலமுறை ஆட்சிக்கு வந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் பெற்ற இந்த அதிகாரத்தை ஒருவரும் திருப்பித் தரவில்லை.

பொதுப் பட்டியல் என்றால் பொறுப்பும் பொதுவாக வேண்டும். அதிகாரம் பொதுவானதே தவிர, செலவு பொதுவாகவில்லை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

விதி அங்கே, செலவு இங்கே

கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களின் தகுதியையும் ஊதிய விகிதத்தையும் வகுப்பது யுஜிசி. நல்ல ஆசிரியருக்கு நல்ல ஊதியம் கிடைக்க வேண்டும், அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த ஊதியத்தை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

ஆறாவது ஊதியக்குழுவின்போது, உயர்வினால் மாநிலங்களுக்கு ஏற்படும் கூடுதல் செலவில் 80 சதவீதத்தை ஒன்றிய அரசு ஏற்பதாகச் சொன்னது. அதுவும் 2006 ஜனவரி முதல் 2010 மார்ச் வரை மட்டும். ஏழாவது ஊதியக்குழுவின்போது அந்தப் பங்கு 50 சதவீதமாகக் குறைந்தது. காலம் 2016 ஜனவரி முதல் 2019 மார்ச் வரை, மொத்தம் 39 மாதங்கள். அதன்பிறகு ஆண்டாண்டுக்கும் தொடரும் ஊதியமும் ஓய்வூதியமும் முழுக்க முழுக்க மாநிலத்தின் தலையில். விருந்துக்கு அழைப்பிதழ் ஒருவர் அச்சடிக்கிறார், பந்திச் செலவை இன்னொருவர் பார்க்கிறார்.

மாநிலம் எங்கிருந்து பணம் எடுக்கும்? ஒன்றிய அரசு வசூலிக்கும் வரிகளில் பகிர்ந்தளிக்க வேண்டிய தொகுப்பிலிருந்து 41 சதவீதத்தை மாநிலங்களுக்குத் தர 15ஆவது நிதி ஆணையம் பரிந்துரைத்தது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். பத்தாவது நிதி ஆணையத்தின் காலத்தில் இது ஆறரை சதவீதத்துக்கும் மேல் இருந்தது.

இதைவிட முக்கியமான ஒன்றைக் குடும்பத் தலைவர்கள் கவனிக்க வேண்டும். வருமான வரி கட்டுபவர்கள் தங்கள் கணக்கைப் பார்த்தால் “சுகாதாரம் மற்றும் கல்வி செஸ் 4 சதவீதம்” என்று ஒரு வரி இருக்கும். கல்விக்காக என்று 2004இல் 2 சதவீதமாகத் தொடங்கியது, 2007இல் உயர்கல்வியையும் சேர்த்து 3 சதவீதமானது, 2018இல் சுகாதாரத்தையும் சேர்த்து 4 சதவீதமானது. அரசமைப்பின் 270ஆவது பிரிவின்படி செஸ்ஸும் சர்சார்ஜும் மாநிலங்களோடு பகிரப்பட வேண்டிய தொகுப்புக்குள் வராது. நம்மூர்க் கடைக்காரர் கல்விக்கென்று கட்டும் பணத்தில், நம்மூர்ப் பல்கலைக்கழகத்துக்குச் சம்பளம் கொடுக்கும் மாநில அரசுக்கு உரிமைப் பங்கு கிடையாது.

அந்தப் பணம் திரும்பி வராமலே போய்விடுகிறது என்று சொல்ல முடியாது. திட்டங்களின் வடிவில் வருகிறது. ஆனால் திட்டம் என்றால் நிபந்தனை உண்டு. உயர்கல்விக்கான பிரதமர் உஷா திட்டத்தில் சேர மாநிலங்கள் ஒப்பந்தம் போட வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை நடைமுறைப்படுத்தும் உறுதிமொழியும் அடங்கும். நிபந்தனையை ஏற்காவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் பள்ளிக் கல்வியில் பார்த்தோம். பிரதமர் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால், சமக்ர சிக்ஷா திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டது. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சென்றது.

அந்தக் கொள்கை நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். நம் பணத்தைக் கல்விக்கென்று வாங்கி, கொள்கையை ஏற்றால்தான் தருவேன் என்று சொல்வது கூட்டாட்சிக்குப் பொருந்துமா என்பதே இங்கே நம் கேள்வி.

காலியான நாற்காலி

பல்கலைக்கழகத்தின் அன்றாட நிர்வாகத்துக்குத் தலைவர் துணைவேந்தர். மாநிலச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேந்தர் ஆளுநர். துணைவேந்தரை நியமிப்பவரும் அவரே. ஆளுநரை அனுப்புவது டெல்லி. சம்பளப் பட்டியலைப் பார்ப்பது சென்னை.

இந்த முறையை மாற்ற 2022 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. பல மசோதாக்கள் ஆளுநரிடம் தேங்கின. 2023 நவம்பரில் பத்து மசோதாக்களை அவர் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் சில நாட்களிலேயே மீண்டும் நிறைவேற்றியது. அவர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைத்தார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அது சட்டவிரோதம் என்று கூறி, பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பளித்தது. மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம் துணைவேந்தர் நியமனம் தொடர்பான திருத்தங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலளித்த உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதும் முறையும் செல்லாது என்றது. காரணமின்றி முடிவில்லாமல் மசோதாவைக் கிடப்பில் போடவும் கூடாது என்றும் சொன்னது.

இதற்கிடையே 2025 ஜனவரியில் யுஜிசி வெளியிட்ட வரைவு விதிகள், துணைவேந்தர் தேடுதல் குழுவில் வேந்தரின் பிரதிநிதி, யுஜிசி தலைவரின் பிரதிநிதி, பல்கலைக்கழக அமைப்பின் பிரதிநிதி என மூவரை வைத்தன. மாநில அரசுக்கு அதில் இடமில்லை. அந்த வரைவை எதிர்த்துத் தமிழ்நாடு சட்டமன்றம் ஜனவரி 9 அன்று தீர்மானம் நிறைவேற்றியது.

இத்தனை நாட்காட்டித் தேதிகளுக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கும் என்ன தொடர்பு? சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பதவி 2023 ஆகஸ்டில் காலியானது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டில் காலியானது. வேறு சில பல்கலைக்கழகங்களிலும் இதே நிலை. நாற்காலி காலியாக இருக்கும் இடத்தில் பொறுப்புக் குழு நிர்வாகம் செய்கிறது. அன்றாடக் கோப்புகள் நகரும். புதிய ஆசிரியர் நியமனம், நிதி திரட்டும் நீண்டகாலத் திட்டம் போன்ற பெரிய முடிவுகள் தள்ளிப்போகும்.

ஆளுநர் வேந்தராக இருந்தால் கட்சி அரசியலும் ஊழலும் உள்ளே வராது என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்த அக்கறை நியாயமானது. ஆனால் 2018இல் கோவையில் பதவியில் இருந்த ஒரு துணைவேந்தர் லஞ்ச வழக்கில் கைதானபோதும் வேந்தர் ஆளுநர்தான். குஜராத்தில் துணைவேந்தர்களை மாநில அரசே நியமிக்கும் முறை நெடுங்காலமாக இருந்துவந்தது. ஆளுநர்கள் மீது வேந்தர் பொறுப்பைச் சுமத்த வேண்டாம் என்று 2010இல் அறிக்கை தந்த பூஞ்சி ஆணையமே பரிந்துரைத்தது. தகுதியும் வெளிப்படைத்தன்மையும் உள்ள தேர்வு முறைதான் ஊழலுக்கு மருந்து. பதவியில் அமர்பவரின் பெயர்ப்பலகை அல்ல.

பாதிகூடக் கொடுக்காத அரசு

மேலே சொன்னவற்றின் விளைவு எங்கே தெரிகிறது? 1857இல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை முடக்கியது. கேட்ட வரி 424 கோடி ரூபாய். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு எதற்கு வருமான வரி? பெருமளவு அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்துக்குத்தான் அந்த வரிவிலக்கு. பெருமளவு என்றால், மொத்த வருவாயில் அரசு மானியம் பாதியைத் தாண்ட வேண்டும். சில ஆண்டுகளில் அது தாண்டவில்லை என்பதே வரித் துறையின் வாதம்.

அரசு தன் பல்கலைக்கழகத்துக்குப் பாதிகூடக் கொடுக்கவில்லை என்று இன்னொரு அரசுத் துறை கணக்குப் போட்டுக் காட்டுகிறது. மீதிப் பாதி எங்கிருந்து வந்தது? தேர்வுக் கட்டணம், இணைவுக் கட்டணம், தொலைநிலைக் கல்விக் கட்டணம். எல்லாம் மாணவரிடமிருந்து வந்தவை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மாதக்கணக்கில் ஊதியம் வராமல் ஆசிரியர்களும் ஊழியர்களும் போராடியதைச் செய்திகளில் பார்த்தோம்.

அண்ணா பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் இளநிலைத் தேர்வுக் கட்டணத்தை ஒரு தாளுக்கு 150 ரூபாயிலிருந்து 225 ரூபாயாக உயர்த்தியது. எதிர்ப்பு வந்ததும் அரசு தலையிட்டு அதை நிறுத்திவைத்தது. நிறுத்தியது நல்லது. ஆனால் கட்டணத்தை நிறுத்திவிட்டு, அந்த வருவாய்க்கு ஈடாக மானியத்தைக் கூட்டாவிட்டால், அதே உயர்வு வேறொரு பெயரில் அடுத்த ஆண்டு திரும்பி வரும்.

ஒன்றிய அரசின் சொந்த நிறுவனங்களிலும் இதே போக்குதான். ஐஐடிகளில் இளநிலைப் பொறியியலுக்கான ஆண்டுக் கற்பிப்புக் கட்டணம் 2016இல் 90 ஆயிரத்திலிருந்து 2 லட்சம் ரூபாயானது. பட்டியலினத்தவர், பழங்குடியினர், மிகக் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. நடுவில் இருக்கும் சிறு வியாபாரியின் பிள்ளைக்குத்தான் நெருக்கடி. 2022இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் கீழே இருந்த ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ நான்கு மடங்காக உயர்த்தப்பட்டு மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள்.

2017இல் கனரா வங்கியோடு சேர்ந்து ஒன்றிய அரசு தொடங்கிய உயர்கல்வி நிதி முகமை இந்தப் போக்கின் அடையாளம். கட்டடத்துக்கும் ஆய்வகத்துக்கும் முன்பு மானியம் தந்த அரசு, இப்போது கடன் வாங்கச் சொல்கிறது. வட்டியை அரசு பார்த்துக்கொள்கிறது. பழைய ஐஐடி போன்ற நிறுவனங்கள் அசலைத் தங்கள் சொந்த வருவாயிலிருந்து கட்ட வேண்டும். சொந்த வருவாயில் கட்டணமும் ஒன்று.

மாநில அரசுகளுக்கும் கணக்கு உண்டு

எல்லாப் பழியையும் டெல்லி மேல் போட்டுவிட்டுச் சென்னை கை கழுவ முடியாது. அரசு உதவிபெறும் கல்லூரிகளில் புதிதாகத் தொடங்கும் பாடப்பிரிவுகளுக்கு உதவி இல்லை என்று 1990களின் தொடக்கத்தில் முடிவெடுத்தது தமிழ்நாடு அரசு. அதன்பிறகு எந்தக் கட்சி ஆண்டபோதும் அந்தக் கதவு திறக்கவில்லை. ஒரே வளாகத்தில், ஒரே பட்டத்துக்கு, “எய்டட்” பிள்ளை ஒரு கட்டணமும் “செல்ஃப்” பிள்ளை பல மடங்குக் கட்டணமும் கட்டுவது அதனால்தான். ஓய்வுபெற்ற பேராசிரியரின் இடத்தை நிரப்பாமல் கௌரவ விரிவுரையாளரைத் தொகுப்பூதியத்தில் வைத்து ஓட்டுவதும் மாநிலத்தின் முடிவே. இதற்கு ஆளுநர் காரணமல்ல. கர்நாடகத்தில் போதிய நிதியின்றித் தொடங்கிய புதிய பல்கலைக்கழகங்களில் ஒன்பதை மூடிவிடலாம் என்று 2025இல் அமைச்சரவைத் துணைக்குழுவே முடிவு செய்ததையும் பார்த்தோம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் அரசு கலைக் கல்லூரிகளில் கற்பிப்புக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் உண்டு. நாட்டின் மொத்த உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதமாக இருந்த 2021-22இல் தமிழ்நாட்டில் அது 47 சதவீதம். மாநிலம் தன் விருப்பப்படி திட்டமிட்ட இடங்களில்தான் இது சாத்தியமானது.

பிற நாடுகள் சொல்லும் பாடம்

அதிகாரம் மாநிலத்துக்கு வந்துவிட்டால் கட்டணம் தானாகக் குறைந்துவிடுமா? இல்லை. அமெரிக்காவில் பொதுப் பல்கலைக்கழகங்கள் மாநிலங்களின் பொறுப்பு. 2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு மாநிலங்கள் மானியத்தை வெட்டின, கட்டணம் ஏறியது, மாணவர்கள் கடன் வாங்கினார்கள். இன்று அந்நாட்டின் மாணவர் கடன் ஏறத்தாழ 1.7 லட்சம் கோடி டாலர்.

ஜெர்மனியில் வேறு மாதிரி நடந்தது. அங்கும் பல்கலைக்கழகங்கள் மாநிலங்களின் பொறுப்பு. கற்பிப்புக் கட்டணம் கூடாது என்று நடுவண் அரசு போட்ட சட்டத்தை 2005இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. அது நடுவண் அரசின் அதிகாரத்துக்குள் வராது என்றது. உடனே ஏழு மாநிலங்கள் பருவத்துக்கு 500 யூரோ வரை கட்டணம் விதித்தன. மக்களுக்கு யாரைக் கேட்க வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது. மாநிலத் தேர்தல்களில் கட்டணம் பேசுபொருளானது. ஹெஸ்ஸே மாநிலம் 2007இல் கொண்டுவந்த கட்டணத்தை 2008இலேயே கைவிட்டது. பவேரியாவில் மக்கள் கையெழுத்திட்டு அதை நீக்கவைத்தார்கள். கடைசியாக 2014இல் லோயர் சாக்சனியும் கைவிட்டது.

ஆக, மாநில உரிமை மட்டும் போதாது. அதிகாரமும் செலவும் ஒரே கையில் இருக்க வேண்டும், அந்தக் கை வாக்காளருக்குத் தெரிய வேண்டும். நம் நாட்டில் தெரிவதில்லை. கட்டணம் ஏன் ஏறியது என்று பல்கலைக்கழகத்தைக் கேட்டால் மானியம் வரவில்லை என்கிறது. மாநிலத்தைக் கேட்டால் ஒன்றியம் தரவில்லை என்கிறது. ஒன்றியத்தைக் கேட்டால் கல்விக்குச் செலவு செய்வது மாநிலத்தின் கடமை என்கிறது. அதிகாரம் என்பது அமானிதம், அதைப் பெற்றவர் கணக்குச் சொல்லியாக வேண்டும் என்பது நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த பாடம். கணக்குச் சொல்ல ஆள் இல்லாதபடி ஓர் அமைப்பு அமைந்துவிட்டால், அதில் நல்லவர்கள் உட்கார்ந்தாலும் பயன் குறைவே.

நம் சமுதாயத்துக்கு ஏன் இது கூடுதல் சுமை?

2021-22ஆம் ஆண்டின் உயர்கல்வி ஆய்வின்படி நாட்டின் உயர்கல்வி மாணவர்கள் 4.33 கோடி பேரில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 21 லட்சம். அதாவது 5 சதவீதத்துக்கும் குறைவு. மக்கள்தொகையில் நம் பங்கு 14.2 சதவீதம். பின்தங்கியிருக்கும் சமுதாயத்துக்குப் பொதுப் பல்கலைக்கழகம்தான் ஏணி.

இந்த நேரத்தில்தான் 2022இல் மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை நிறுத்தப்பட்டது. எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர் உதவித்தொகையும், வெளிநாட்டில் படிக்க வாங்கிய கடனின் வட்டிக்கான மானியமும் அதே காலத்தில் நின்றன. மறுபுறம், 2024 நவம்பரில் பிரதமர் வித்யாலட்சுமி என்ற கல்விக் கடன் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. உதவித்தொகை போய்க் கடன் வருகிறது. வட்டியைத் தவிர்க்கப் பாடுபடும் குடும்பத்துக்கு இந்த மாற்றத்தின் பொருள் தெளிவு. கட்டணம் ஏறினால் மற்றவர்களுக்கு வங்கியின் கதவு இருக்கிறது. மார்க்கத்தைப் பேணும் நம் தந்தைக்கு எஞ்சுவது மனைவியின் நகையும் வளைகுடாவில் இருக்கும் மைத்துனரும்தான். அதுவும் முடியாதபோது முதலில் நிறுத்தப்படுவது பெண்பிள்ளையின் படிப்பு.

நம் முன்னோர் உருவாக்கிய கல்லூரிகளும் இந்தச் சங்கிலியில்தான் இருக்கின்றன. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தொடங்கியது. சென்னை புதுக்கல்லூரி, திருச்சி ஜமால் முகமது கல்லூரி இரண்டும் 1951இல் தொடங்கின. அதிராம்பட்டினம், உத்தமபாளையம், மேல்விஷாரம், இளையான்குடி, பாளையங்கோட்டை என்று பட்டியல் நீளும். அவற்றின் பட்டமும் பெரும்பாலும் தாம் இணைந்துள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வருகிறது. அந்தப் பல்கலைக்கழகம் தள்ளாடினால் தேர்வு முடிவு தாமதமாகும், பட்டச் சான்றிதழ் தாமதமாகும், இணைவுக் கட்டணம் ஏறும். எல்லாம் நம் பிள்ளைகளின் ரசீதில் வந்து நிற்கும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலில், கிடைப்பதை விட்டுவிடக் கூடாது. அரசு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பதை கௌரவக் குறைவாக நினைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது மாற வேண்டும். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீட்டுச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றைத் தேர்வு முடிவு வருமுன்பே எடுத்துவைக்க ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு நாள் முகாம் நடத்தலாம். புதுமைப்பெண் திட்டம் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டிருப்பதை எத்தனை குடும்பங்கள் அறிந்திருக்கின்றன?

இரண்டாவது, கேள்வியைச் சரியான வாசலில் கேட்க வேண்டும். வாக்குக் கேட்டு வரும் நாடாளுமன்ற வேட்பாளரிடம், கல்வியை மாநிலப் பட்டியலுக்குக் கொண்டுவர வாக்களிப்பீர்களா, கல்வி செஸ்ஸில் மாநிலங்களுக்குப் பங்கு கேட்பீர்களா, நின்றுபோன உதவித்தொகைகளுக்குக் குரல் கொடுப்பீர்களா என்று கேட்போம். சட்டமன்ற வேட்பாளரிடம், பல்கலைக்கழகங்களுக்கான மானியத்தை எவ்வளவு உயர்த்துவீர்கள், காலிப் பணியிடங்களை எப்போது நிரப்புவீர்கள், 1990களில் மூடிய உதவிக் கதவைத் திறப்பீர்களா என்று கேட்போம். ஒருவரிடம் கேட்க வேண்டியதை மற்றவரிடம் கேட்டால் இருவருமே தப்பிவிடுவார்கள்.

மூன்றாவது, நம் கல்லூரி நிர்வாகங்கள் சுயநிதிப் பிரிவின் வரவு செலவைப் பெற்றோர் முன் வைக்கட்டும். அரசிடம் வெளிப்படைத்தன்மை கேட்கும் நாம் அதை வீட்டிலிருந்து தொடங்குவதே முறை.

நம் முன்னோர் வக்ஃபின் வருமானத்தில் மதரஸாக்களையும் கல்விச்சாலைகளையும் நூற்றாண்டுகள் நடத்தினார்கள். அந்த மரபு தொடர வேண்டும். தகுதியுள்ள ஏழை மாணவருக்கு ஜகாத்தும் சதகாவும் சென்று சேர வேண்டும். ஆனால் அது அரசின் கடமைக்கு மாற்றாகிவிடக் கூடாது. ஜகாத் நிதியைக் கொண்டு ஒரு பிள்ளையின் கட்டணத்தைக் கட்டலாம், ஒரு பல்கலைக்கழகத்தின் ஊதியப் பட்டியலைக் கட்ட முடியாது. அது எல்லா மக்களின் வரிப்பணத்திலிருந்து வர வேண்டியது. அதில் நம் பணமும் இருக்கிறது.

அடுத்த கல்வியாண்டின் கட்டண அறிவிப்பு வரும்போது, எவ்வளவு ஏறியது என்பதோடு நிற்காமல், யார் கொடுக்காததால் ஏறியது என்றும் கேட்போம். அந்தக் கேள்விக்கு மஹல்லாவில் ஒரு பத்துப் பேருக்காவது பதில் தெரிந்திருந்தால், வாக்குக் கேட்டு வருபவரும் பதிலோடுதான் வருவார், இன்ஷா அல்லாஹ்.